14 அடி பழைய அலுமினிய ரிவெட் படகு: முதலில் எதில் கை வைப்பது?

நீர்க்காகம் (கேள்வி)

வணக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவர், கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த தன் படகை எனக்குக் கொடுத்துவிட்டார். பணம் வாங்கவில்லை. "உருக்குவதற்கு மட்டும் போட்டுவிடாதே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இதை ஒழுங்காகச் செய்து முடிக்க வேண்டும் என்று இருக்கிறது.

14 அடி நீளம். முன்னால் சின்ன மேல்தளம், வளைந்த கண்ணாடி, ஸ்டீயரிங், இரண்டு வரிசை இருக்கை, பின்னால் வெளிமோட்டார் மாட்டும் இடம். முழுக்க ரிவெட் அடித்துச் சேர்த்தது, எங்கும் வெல்டிங் இல்லை. அமெரிக்காவில் கட்டிய படகு. அங்கே 1972 நவம்பரிலிருந்து கட்டாயமான 12 எழுத்து அடையாள எண் இதில் இல்லை, ஆகவே அதற்கு முந்தையது. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் அந்தக் காலத்துக் கார்களுக்கு இருந்த மாதிரி மீன் துடுப்பு போல எழும்பி நிற்பதைப் பார்த்தால் 1950களின் கடைசி என்று நினைக்கிறேன். அந்த வளைவுதான் என்னை இதில் இழுத்துவிட்டது.

இரண்டு வாரமாக ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். மோட்டாரைத் தாங்கும் பின்பலகை, டிரான்சம் என்பார்களே, அதற்குள் இருக்கும் பிளைவுட்டில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை இறங்குகிறது. இருக்கைக்கு அடியில் இருந்த நுரையில் ஒரு துண்டை வெட்டிப் பிழிந்தேன், துவைத்த துணியைப் பிழிந்தது போலத் தண்ணீர் கொட்டியது. நுரை இருந்த இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. துடைத்துவிட்டு விரலால் தடவினால் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அடியில் ஏராவை, அதாவது நடுவில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பை, ஒட்டிய ரிவெட் வரிசை முழுக்க முன்பு யாரோ சிலிக்கோனை அப்பியிருக்கிறார்கள்.

என் திட்டம் இது: பழைய பெயின்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து முதலில் வெளிப்பக்கம் வண்ணம் அடித்துவிடுவது, அப்புறம் டிரான்சம். அதற்காக, சீக்கிரம் உளுக்கக் கூடாது என்று மருந்தேற்றிய பச்சை நிற பிளைவுட் வாங்கி வைத்துவிட்டேன். ஒழுகும் ரிவெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, என்னிடம் இருக்கும் சாதாரண பாப் ரிவெட் கருவியாலேயே புதிது அடிக்கலாமா, இல்லை மொத்தமாக வெல்டிங் வைத்துவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அவசரம் இல்லை, தப்பாகச் செய்துவிடக் கூடாது என்பதுதான்.

பழைய தச்சன் (பதில்)

தம்பி, முதலில் அந்தப் பச்சைப் பலகையைப் படகிலிருந்து தள்ளி வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இன்று மரத்துக்கு ஏற்றும் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. ஈரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும், கரைந்து போவது அலுமினியம்தான். நான் சரிசெய்த முதல் படகில் உங்களைப் போலவே நல்லது என்று நினைத்து அந்தப் பலகையைத்தான் வைத்தேன். இரண்டாவது பருவம் முடிவதற்குள் பின்தகட்டில் ஊசி குத்தியது போல ஓட்டைகள். விளக்கைப் பின்னால் பிடித்தால் நட்சத்திரம் மாதிரி தெரிந்தது. அந்தத் தகட்டை மாற்ற நான் பட்ட பாடு வேறு யாருக்கும் வேண்டாம். டிரெய்லரில் படகு உட்காரும் கட்டை, பித்தளை வடிகுழாய், செம்பு கலந்த அடிப்பெயின்ட், எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

மருந்தேற்றாத மரைன் பிளைவுட் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நீர்தாங்கும் பசையால் ஒட்டிய வெளிப்புற பிளைவுட் போதும். பெரும்பாலும் முக்கால் அங்குலப் பலகை இரண்டை எபாக்ஸிப் பசையால் ஒட்டி ஒன்றரை அங்குலம் வரும். ஆனால் பழையதை அளக்காமல் எதையும் அறுக்க வேண்டாம். உளுத்த பலகையைக் கூடியவரை உடையாமல் எடுங்கள், அதுதான் உங்கள் அச்சு. போல்ட் துளைகளைப் பெரிதாகப் போட்டு எபாக்ஸியால் அடைத்து, அது இறுகிய பிறகு நடுவில் சரியான அளவுக்குத் துளையுங்கள். அப்போது தண்ணீர் எந்த வழியாக வந்தாலும் மரத்தைத் தொடாது. ஓரங்களுக்கு எபாக்ஸி மூன்று பூச்சு. பலகை தண்ணீரைக் குடிப்பதே ஓரத்தின் வழியாகத்தான்.

இனி ரிவெட். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் விமானம் கட்டிய கைகள்தான் இந்த வேலைக்கு வந்தன. கிரம்மன் என்ற அமெரிக்க விமானக் கம்பெனி 1945இலேயே அலுமினியக் கேனோ செய்யத் தொடங்கியது. விமானத்தின் தோலைத் தைத்த அதே முறையில்தான் படகையும் தைத்தார்கள். அதனால் விமானக்காரர்களின் கருவி உங்களுக்கும் பொருந்தும்: காற்றழுத்த ரிவெட் சுத்தியல் ஒன்று, பின்னால் முட்டுக்கொடுக்க வழவழப்பான கனத்த இரும்புக் கட்டி ஒன்று. இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் துளை இருக்கிறது, நீர்மட்டத்துக்குக் கீழே அது ஒழுகும். கை நுழையாத இடத்தில் மட்டும் முனை மூடிய ரகத்தை சீலன்ட் தடவி அடிக்கலாம். மற்ற இடமெல்லாம் கெட்டி ரிவெட். தகடுகளைத் தாண்டி விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்; அடித்த பிறகு தலையின் அகலம் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. துளை நீள்வட்டமாகிப் போயிருந்தால் அடுத்த பெரிய அளவு ரிவெட்டுக்குப் போங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை. பல ரிவெட்டுகள் தளர்ந்துதான் இருக்கும். வெளியே தலையில் கட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே நாலு அடி வைத்தால் இறுகிவிடும். எது ஒழுகுகிறது என்று தெரிய டிரெய்லரில் வைத்தபடியே படகுக்கு உள்ளே தண்ணீர் விடுங்கள். வெளியே சொட்டும் ஒவ்வொரு ரிவெட்டையும் மெழுகுப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

வெல்டிங் வேண்டாம். அந்தச் சூட்டில் பக்கத்து ரிவெட்டுகள் தளரும், தகடும் அந்த இடத்தில் மென்மையாகிவிடும்.

நீர்க்காகம்

ஐயா, பலகையை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். நல்லவேளை இன்னும் அறுக்கவில்லை.

தண்ணீர் விடுவதில் ஒரு பயம். ஒரு கன அடி தண்ணீர் 28 கிலோ. உள்ளே தோராயமாக 12 அடிக்கு 4 அடி, சராசரி 4 அங்குல ஆழம் என்று வைத்தாலே 16 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 450 கிலோ வருகிறது. இந்த டிரெய்லர் தாங்குமா?

பழைய தச்சன்

கணக்குப் போட்டது நல்லது. அவ்வளவு வேண்டாம். ஏராவுக்கு மேல் குறுக்குச் சட்டங்கள் நனையும் அளவு போதும், அடியில் நாலைந்து இடத்தில் கட்டையால் முட்டுக் கொடுங்கள். அணியத்தை, அதாவது முன்முனையை, தூக்கிப் பின்பக்கம் ஒருமுறை, பின்பக்கத்தைத் தூக்கி முன்பக்கம் ஒருமுறை என்று பிரித்துச் செய்தால் கொஞ்சம் தண்ணீரிலேயே வேலை முடியும்.

தூரிகை (பதில்)

நான் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவள். மேலே சொன்னவர் தொடாத இரண்டு விஷயம்.

கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். இரும்புத் துகள்கள் மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்து, பிறகு பெயின்ட்டுக்கு அடியில் துருப்பிடித்துக் கொப்பளிக்கும். பெயின்ட் கரைப்பான் தடவி, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, நைலான் உராய்வுப் பட்டையால் தேயுங்கள். சுரண்டும்போது அடியில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு பூச்சு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அது ஜிங்க் குரோமேட்டாக இருக்கலாம், அதன் தூசு புற்றுநோய் உண்டாக்கும். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயமும் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்த்து, துகளுக்கான நல்ல வடிகட்டி போட்ட முகமூடி அணிந்துதான் செய்ய வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது. இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

தேய்த்த அலுமினியத்தில் ஆக்ஸைடு படலம் உடனே உருவாகத் தொடங்கிவிடும். அதனால் ஒரே நாளில் முடிக்கக்கூடிய அளவு பரப்பை மட்டும் தேய்த்து, சுத்தம் செய்து, அன்றே பிரைமர் அடியுங்கள். பிரைமரும் மேல்பூச்சும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருக்கட்டும். அமிலம் கலந்த எட்ச் பிரைமருக்கு மேல் எபாக்ஸி பிரைமர் பல நேரம் சேராது, டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். முக்கியமாக, சிலிக்கோன் துளி மிஞ்சியிருந்தால் எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது, மீன்கண் மாதிரி விலகி நிற்கும். சிலிக்கோனை முழுக்க எடுத்த பிறகுதான் தேய்ப்பதையே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் தேய்க்கும் காகிதமே அதைப் படகு முழுக்கப் பரப்பிவிடும்.

இரண்டாவது நுரை. நனைந்ததை எடுத்துவிட்டுப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அலுமினியம் தண்ணீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் இழக்கும். 150 கிலோ படகுக்கூடு அங்கேயும் 95 கிலோ கனக்கும், அதற்கு மேல் மோட்டார். தண்ணீர் உறிஞ்சாத மூடிய கண் நுரை ஒரு கன அடி சுமார் 27 கிலோவைத் தாங்கும். அடியில் மட்டும் அடைத்தால் படகு நிரம்பும்போது கவிழப் பார்க்கும். பக்கவாட்டில் விளிம்புக்குக் கீழே, மோட்டாருக்கு இரண்டு பக்கமும், முடிந்தவரை உயரத்தில் வையுங்கள். அடித்தளத்தில் தண்ணீர் ஓடி வடிய வழி இருக்க வேண்டும். உங்கள் தகட்டைக் குழியாக்கியது நுரைக்குள் தேங்கிய ஈரம்தான். பெட்ரோல் டேங்க் பக்கம் பாலிஸ்டைரீன் (தெர்மோகோல்) வேண்டாம், கரைந்துவிடும்.

அலைவாய் (பதில்)

இவ்வளவு சிரமம் தேவையா? உள்ளே ஏரா நெடுக எபாக்ஸி சீலரை ஊற்றிப் பரப்பினால் எல்லா ரிவெட்டும் அடைபடும். நான் ஒரு வார இறுதியில் முடித்தேன்.

பழைய தச்சன்

சீலரை நானும் போடுகிறேன், கடைசியில். ரிவெட் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு அலைக்கும் இரண்டு தகடும் ஒன்றின் மேல் ஒன்று நகரும். அந்த அசைவில் எபாக்ஸி கீறிவிடும். அப்புறம் ரிவெட்டை இறுக்கலாம் என்றால் தலை எபாக்ஸிக்குள் புதைந்து கிடக்கும், சுத்தியல் வைக்க இடம் இருக்காது. உங்கள் படகில் ரிவெட்டுகள் இறுக்கமாக இருந்திருக்கும், அதனால் நின்றது. தம்பியின் படகு பல வருடம் கிடையில் கிடந்தது. முதலில் இறுக்கம், அப்புறம் பூச்சு.

தம்பி, டிரான்சத்தின் நடுவில் உயரம் எவ்வளவு? மோட்டார் வாங்குவதற்கு முன் அது தெரிய வேண்டும். வெளிமோட்டாரின் தண்டு பெரும்பாலும் 15 அல்லது 20 அங்குலம்.

நீர்க்காகம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று விடிகாலையிலேயே தண்ணீர் விட்டுப் பார்த்தேன். முட்டுக் கட்டை ஐந்து, முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம். மகள் படகுக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு வட்டம் போட்டாள். மொத்தம் 41 ரிவெட். அதில் 26 ஏராவை ஒட்டி, சிலிக்கோன் அப்பியிருந்த இடத்திலேயே. நான் பயந்த மாதிரி படகு முழுக்க இல்லை. குழி விழுந்த தகட்டில் ஒரு சொட்டுகூட வரவில்லை, அதைப் பார்த்ததும் மூச்சு வந்தது.

இன்று சாயங்காலம் ஐயா சொன்னபடி ஆறு ரிவெட்டை இறுக்கிப் பார்த்தோம். அவள் வெளியே இரும்புக் கட்டியைப் பிடிக்க, நான் உள்ளே அடித்தேன். நான்கில் ஒழுகல் நின்றுவிட்டது. இரண்டில் துளை நீண்டிருக்கிறது, அவற்றைப் பெரிய அளவில் மாற்ற வேண்டும். பெயின்ட் இந்தப் பருவத்தில் இல்லை, தள்ளிப்போட்டுவிட்டேன். முன்தளத்தில் ஒரு மூலையைச் சுரண்டியபோது அக்கா சொன்ன மஞ்சள் பச்சை தெரிந்தது. அங்கேயே நிறுத்தி ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ஐயா, டிரான்சம் நடுவில் 15 அங்குலம். பழைய பலகை இரண்டு துண்டாகத்தான் வந்தது, ஆனால் ஓரம் முழுசாக இருக்கிறது, அட்டையில் வரைந்துகொண்டேன். தடிமன் ஒன்றரை இல்லை, ஒன்றேகால் அங்குலம். முக்காலும் அரையும் சேர்த்து ஒட்டினால் சரியாக வரும் இல்லையா? இல்லை, ஒன்றரையாகவே வைத்து மூலைத் தாங்கிகளைக் கொஞ்சம் இழைத்துவிடலாமா?

பழைய தச்சன்

முக்காலும் அரையும். தாங்கியைத் தொடாதீர்கள். தடித்த பலகையை உள்ளே, மோட்டார் பிடி இறுகும் பக்கமாக வையுங்கள்.