வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை: 107 கேள்விகளைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பிரிப்பது?

கேள்வி
ஸ்தோத்திரம். 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குச் சண்டே ஸ்கூலில் வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை (கிறிஸ்தவ விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகக் கற்பிக்கும் பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் நூல்) தொடங்குகிறோம். வாரம் இரண்டு கேள்வி என்று வைத்தால் ஒரே வருஷத்தில் முடியுமா? லுத்தரன், பாப்டிஸ்ட் குடும்பத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

பதில் 1
முடியாது, பிரதர். வாரம் இரண்டு என்றாலே 54 ஞாயிறு வேண்டும். அதில் பரீட்சை, விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி), கிறிஸ்மஸ் எல்லாம் போகும். வாரம் ஒன்று, நாலாவது வாரம் பழையதைத் திரும்பச் சொல்லுதல். இப்படி மூன்று வருஷம் வையுங்கள். முதல் வருஷம் 1–38, விசுவாசப் பகுதி. இரண்டாம் வருஷம் 39–81. தேங்குவது இங்கேதான்: பத்துக் கட்டளைகளில் ஒவ்வொரு கற்பனைக்கும் (கட்டளைக்கும்) "கட்டளையிடுவது என்ன, விலக்குவது என்ன" என்று திரும்பத் திரும்ப வரும், பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். ஆறாம் கற்பனையிலிருந்து இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் எடுங்கள். 82–107 மூன்றாம் வருஷம்.

நாலாம் கேள்வியில் அவசரம் வேண்டாம். "தேவன் ஆவியாயிருக்கிறார்" முதல் வாரம். முடிவற்றவர், நித்தியர், மாறாதவர் என்ற மூன்றும் அடுத்த வாரம். இருத்தல், ஞானம், வல்லமை, பரிசுத்தம், நீதி, நன்மை, சத்தியம் என்ற ஏழும் அதற்குப் பிறகு. ஒரே மூச்சில் ஒப்பிக்கச் சொன்னால் நடுவில் ஒன்று நிச்சயம் விழும், பெரும்பாலும் நீதி அல்லது நன்மை.

பதில் 2
லுத்தரன் பிள்ளைகளிடம் கற்பனைகளை எண் சொல்லிக் கேட்காதீர்கள். "கொலை செய்யாதிருப்பாயாக" அவர்களுக்கு ஐந்தாவது, நமக்கு ஆறாவது. விக்கிரகத்தைப் பற்றிய கட்டளையை அவர்கள் முதலாவதோடு சேர்த்து எண்ணுகிறார்கள், இச்சிக்கக் கூடாது என்ற கட்டளையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். யாத்திராகமம் 20:13 என்று வசனத்தைச் சொல்லிக் கேட்டால் சண்டையே வராது.

பதில் 3
95-ஆம் கேள்வி, சபையாரின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம். பாப்டிஸ்ட்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை; அதனால் அவர்கள் பெற்றோரிடம் அந்தப் பாடத்துக்கு முன்பே பேசிவிடுங்கள், மறைத்துத் தாண்ட வேண்டாம். இதே வினாவிடையைத் தழுவிய 1693-ஆம் வருஷத்து பாப்டிஸ்ட் வினாவிடையில் அந்தப் பதில் வேறு. இரண்டையும் அருகருகே காட்டலாம்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். வசனம் முதலில், பதில் பிறகு. 1647-இல் வெஸ்ட்மின்ஸ்டர் சங்கத்தார் (இந்த வினாவிடையை எழுதிய போதகர் குழு) எழுதி முடித்ததும், வேத ஆதாரங்களையும் சேர்க்கும்படி இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் காமன்ஸ் சபை கேட்டது. 1648-இல் வசனங்களோடு வந்தது. வேதத்தைத் திறக்காமல் ஒப்பித்தால் பிள்ளைகள் மனப்பாடப் புஸ்தகத்தையே வேதமாக நினைத்துவிடுவார்கள். ஒரு கேள்விக்கு ஒரே வசனம் போதும்; பிள்ளையே எடுத்து வாசிக்கட்டும்.

கேட்டவர்
நன்றி. அப்படியானால் பதில்களை வரிசை மாற்றிக் கேட்கலாமா?

பதில் 1
அவசியம் கேளுங்கள். கேள்வியின் வார்த்தைகள் பதிலுக்குள்ளேயே இருப்பதால் ஒவ்வொரு பதிலும் தனியாக நிற்கும். நாலாம் வாரத்தில் சீட்டு எடுத்துக் கேளுங்கள். முந்தின பதிலைப் பிடித்துக்கொண்டு ஒப்பிக்கிற பிள்ளை யாரென்று அப்போதே தெரிந்துவிடும்.