புதுப்பிப்பு: காணொளி வழித் திரைப்பட விருந்து நடந்தேறியது

1968இல் ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை மையமாக வைத்து, வெளியூர் நண்பர்களுடன் காணொளி அழைப்பில் விருந்து நடத்த இங்கே யோசனை கேட்டிருந்தேன். சென்ற சனிக்கிழமை அது நிறைவாக நடந்தது. படத்தின் பாத்திரங்களைப் போல வேடமணிந்து வரச் சொல்லும் யோசனைதான் மிகச் சிறந்தது: ஒருவர் ஜரிகை அங்கவஸ்திரத்துடன் வந்தார், நாட்டியம் பயின்ற தோழி சலங்கை கட்டி நான்கு அடவுகள் ஆடிக் காட்டினார்.

ஒத்திகையில், தொலைக்காட்சியின் ஒலியை ஒலிவாங்கி வழியே அனுப்பியபோது, பேச்சல்லாத ஒலியை இரைச்சலாகக் கருதிச் அழைப்புச் செயலி அடக்கிவிட்டதால், மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் விட்டுவிட்டே கேட்டது. திரைப் பகிர்வில் கணினியின் ஒலியையும் சேர்க்கும் தேர்வை இயக்கிய பின் நாதஸ்வரமும் நாட்டியமும் மோதும் போட்டிக் காட்சி முழுமையாக ஒலித்தது, ஒருவரும் பேசவில்லை.