கம்போஸ்ட் பக்கெட்ல 85 டிகிரி காட்டுது, ஈரமே இல்லன்னு வேற சொல்லுது, ஆனா நாத்தம் தாங்கல: உதவி ப்ளீஸ்

லேப்_மிஸ்:
எல்லாருக்கும் வணக்கம். கவர்மென்ட் ஸ்கூல்ல அடல் டிங்கரிங் லேப் (பசங்க தாங்களே செஞ்சு பாத்து கத்துக்கற லேப்) பாத்துக்கறேன். ஏழாவது எட்டாவது பசங்கள வச்சு சத்துணவுக் கூடத்து காய்கறித் தோல், முட்டை ஓடு, மரத்தடி சருகு எல்லாம் போட்டு 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்ல கம்போஸ்ட் பண்றோம். ஆர்டுயினோ ஊனோ (சென்சார படிச்சு லைட்ட போடற குட்டி கம்ப்யூட்டர் போர்டு), டிஎஸ்18பி20 வாட்டர்ப்ரூஃப் டெம்பரேச்சர் சென்சார், கெப்பாசிட்டிவ் ஈர சென்சார், ஒரு சின்ன எல்சிடி. சூடு 60க்கு மேல போனா சிவப்பு லைட், ஈரம் 40 பர்சன்ட்டுக்கு கீழ போனா நீல லைட்னு பசங்களே புரோகிராம் கோடு எழுதினாங்க.

பிரச்சனை என்னன்னா காலைல ஆன் பண்ணதும் 85.00 காட்டி சிவப்பு எரியுது, பசங்க "மிஸ் வெந்துருச்சு"ன்னு குதிக்கறாங்க, உடனே 32க்கு எறங்கிடுது. அப்பப்ப -127 வேற. நீலம் அணையவே மாட்டேங்குது, அதனால முறை வச்சு கப்புல தண்ணி ஊத்தறாங்க, ஊத்த ஊத்த பர்சன்டேஜ் இன்னும் கொறையுது! இப்ப அழுகின முட்டை வாடைன்னு பக்கத்து கிளாஸ்ல இருந்து கம்ப்ளெயின்ட். புழுவும் நெளியுது. சென்சார் டூப்ளிகேட்டா, மாத்திடவா?

சால்டர்_குமார்:
மாத்தாதீங்க மேடம், சென்சார் நல்லாத்தான் இருக்கு. 85ங்கறது அந்த சிப்புக்கு கரன்ட் வந்ததும் உள்ள இருக்கற டீஃபால்ட் நம்பர், அது அளந்ததே இல்ல. 12 பிட்ல (அதோட ரொம்ப நுணுக்கமான செட்டிங்) ஒரு தடவை அளக்க 750 மில்லி செகண்ட் வரை எடுக்கும், அதுக்குள்ள படிச்சா 85 தான் வரும். ரெக்வெஸ்ட் டெம்பரேச்சர்ஸ் (அளக்கச் சொல்ற கட்டளை) கூப்பிட்டு, அது முடிஞ்சப்புறம் படிக்கற மாதிரி கோட்ல வரிசைய பாருங்க, முதல் ரீடிங்க தூக்கிப் போட்டாலும் தப்பில்ல. -127ன்னா சென்சார் பதிலே சொல்லலன்னு அர்த்தம், பிரெட்போர்டுல (ஒயர் செருகற ஓட்டை போர்டு) ஒயர் லூசா இருக்கும், இல்லன்னா டேட்டா ஒயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவுல 4.7 கே ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்க மாட்டாங்க.

ஈரம் தான் மெயின் காமெடி. ரீடிங்க பர்சன்டேஜா மாத்தற மேப் ஃபங்ஷன்ல 0, 1023, 0, 100ன்னு போட்டிருக்காங்களா? கெப்பாசிட்டிவ் சென்சார் தலைகீழ், ஈரம் ஏற ஏற நம்பர் எறங்கும். வெறும் காத்துல ஒரு ரீடிங், டம்ளர் தண்ணில ஒரு ரீடிங் எடுக்கச் சொல்லுங்க. காத்து நம்பர் 0 பர்சன்ட், தண்ணி நம்பர் 100 பர்சன்ட். ஒவ்வொரு சென்சாருக்கும் மாறும், அதனால நெட்ல இருக்கறத காப்பி அடிக்க வேணாம்.

மாடித்தோட்டம்_அக்கா:
கோடு சரியாகட்டும், மொதல்ல அந்த பக்கெட்ட காப்பாத்துங்க மா. தண்ணி தேங்கி காத்து போக வழியில்லாம அழுகுது, அதான் முட்டை வாடை. அடில ஓட்டை இருக்கா? இல்லன்னா இன்னிக்கே போடுங்க, சைடுலயும் போடுங்க. எல்லாத்தையும் கொட்டி காஞ்ச சருகோ தேங்காய் நார்த்தூளோ நல்லா கலந்து திரும்பப் போடுங்க, இனிமே தோல் ஒரு பங்குன்னா காஞ்சது ரெண்டு மூணு பங்கு.

நம்பர் என்ன சொன்னாலும் கைல பாக்கணும். நடுவுல இருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்க, விரல் இடுக்குல ஒரு சொட்டு ரெண்டு சொட்டு எட்டிப் பாத்தா சரியான ஈரம். ஒழுகுனா ஜாஸ்தி, பிடி நிக்காம உதிர்ந்தா கம்மி. பசங்க கிளவுஸ் போட்டு பிழியட்டும், அப்ப சென்சார் எவ்ளோ காட்டுதுன்னு குறிச்சு வச்சா அதான் உங்க அளவுகோல். புழு பெரும்பாலும் கருப்பு சோல்ஜர் ஈயோடதா இருக்கும், கடிக்காது, காய்ஞ்சா தானா கொறையும்.

சால்டர்_குமார்:
அக்கா சொன்னதோட இன்னொண்ணு, 60 டிகிரி லைட்ட எடுத்துடுங்க. ஒரு கனமீட்டர் குவியல்ல தான் சூடு உள்ளயே நின்னு 55, 60னு ஏறும், 20 லிட்டர் பக்கெட்ல வர்ற சூடு சுவர் வழியாவே ஓடிடும். அதுக்கு பதிலா இன்னொரு டிஎஸ்18பி20 வாங்கி பக்கெட்டுக்கு வெளிய நிழல்ல தொங்க விடுங்க. ஒவ்வொண்ணுக்கும் தனி ஐடி இருக்கறதால ரெண்டும் ஒரே டேட்டா ஒயர்ல ஓடும். வித்தியாசத்த மட்டும் கிராஃப் போடுங்க, உள்ள 35 வெளிய 31னா அந்த 4 டிகிரி நுண்ணுயிர் வேலை. பக்கெட் வெயில்ல இருந்தா மட்டும் கணக்கு கெட்டுடும்.

லேப்_மிஸ்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப தேங்க்ஸ். நீங்க சொன்ன மாதிரியே 0, 1023 தான் போட்டிருந்தாங்க. காத்துல 600 சொச்சம், தண்ணில 300 கிட்ட வருது, மாத்தினதும் 94 பர்சன்ட்டுன்னு காட்டுச்சு, ஒரு பொண்ணு "அப்ப நாங்க நீச்சல் குளம் கட்டிருக்கோமா மிஸ்"னு கேக்கறா. சருகு கலந்தப்புறம் வாடை பாதி போச்சு. ஒரே டவுட், ஈர சென்சார முழுசா புதைச்சா ரீடிங் அப்படியே ஒரே இடத்துல நிக்குது?

சால்டர்_குமார்:
முழுசா புதைக்கக் கூடாது மேடம், சென்சார் மேல குறுக்க ஒரு கோடு வரைஞ்சிருக்கும், அதுக்கு மேல சின்னச் சின்ன சிப்பெல்லாம் இருக்கு, அதுல ஈரம் பட்டா அவ்ளோ தான். நல்லா துடைச்சு ஒரு நாள் காய வச்சுப் பாருங்க. உயிரோட இருந்தா சிப் பகுதிக்கும் போர்டு ஓரத்துக்கும் நெயில் பாலிஷ் ரெண்டு கோட் அடிச்சு, கோடு வரைக்கும் மட்டும் செருகுங்க.