1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் பட்டியல் எங்கே கிடைக்கும்?

கொள்ளுத்தாத்தா 1920களில் ராயபுரம் மருத்துவப் பள்ளியில் எல்.எம்.பி. என்ற மருத்துவப் பட்டயப் படிப்பு முடித்து ரங்கூன் போனவர். கொள்ளுப்பாட்டி அங்கே பிரசவம் பார்த்தவர். 1941 டிசம்பர் 23 குண்டுவீச்சுக்குப் பிறகு, கொள்ளுப்பாட்டி கைக்குழந்தையோடு சென்னைக்குக் கப்பலேறிவிட்டார். கொள்ளுத்தாத்தா தரைவழியாகக் கிளம்பினார் என்பதோடு தகவல் நின்றுவிட்டது. மணிப்பூர் எல்லையிலுள்ள தமு வழியா, சிட்டகாங் பக்கம் போகும் அரக்கான் வழியா, அதுவும் தெரியாது.

மிஞ்சியது ஒரு போட்டோ. பின்னால் ரங்கூன் ஸ்டூடியோ முத்திரை. அதில் கொள்ளுப்பாட்டியின் சேலையில் குத்திய சின்னக் கடிகாரம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய மருத்துவர் பதிவேடுகளைப் பார்த்தாச்சு. கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறது, 1942க்கு அப்புறம் இல்லை. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத் தளத்திலும் தேடிவிட்டேன்.

அந்தக் கைக்குழந்தைதான் என் தாத்தா. எண்பதைத் தாண்டியும் அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மணிப்பூர், சிட்டகாங் அகதி முகாம்களின் பெயர்ப்பட்டியலை எங்கே பார்க்கலாம்?