எஃப்.ஈ.ஏ. (ஒரு பொருளைக் கணினியில சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு, அது பாரத்தைத் தாங்குமா எண்டு கணக்குப் போடுறது) பழகத் தொடங்கின காலத்தில இன்னும் மனசை உறுத்துற ஒரு சம்பவம், எழுதுங்க

வாவிக்கரை (கல்லடி):

மாமாட வெல்டிங் பட்டறைக்கு ஒரு தண்ணி டாங்கி ஸ்டாண்ட் ஓடர் வந்தது. 1000 லீற்றர் டாங்கி, 4.5 மீற்றர் உயரம், அடி 1.2க்கு 1.2, எல்லாம் 50 பொக்ஸ் பார், அதாவது 50 மில்லிச் சதுர இரும்புக் குழாய். இந்தக் கணக்குப் போடுற பிரீபோமேக்ஸ் சொஃப்ட்வெயாரை இறக்கி அப்ப ரெண்டு கிழமை. நாலு காலையும் ஃபிக்ஸ் பண்ணி, மேல ஒரு தொன் பாரம் வச்சு ஓடவிட்டன். முழுக்க நீலம், பயமில்லை எண்ட நிறம். மெஷ்ஷை, அதாவது துண்டாப் பிரிக்கிற வலையை, மூண்டு தரம் நுணுக்கியும் பாத்தன், விடை பெரிசா அசையல்ல. லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பாத்தார். நிறத்தைப் பத்தி ஒண்டும் கேக்கல்ல. கிறீஸ் பிடிச்ச விரலைக் காலடியில வச்சு, "மகன், இது நிலத்தை எதால பிடிச்சு நிக்குது?" எண்டார்.

ஃபிக்ஸ்ட் எண்டன். "அது உன்ட கொம்பியூட்டர்ல. வீட்டுக்காரர் நாலு கல்லுக்கு மேல வைக்கச் சொல்லியெல்லோ இருக்கார்."

1978 நவம்பர் 23 ராவுப் புயலில தென்னைகள் வேரோட சரிஞ்சதைக் கண்ட ஆள் அவர். எனக்குக் காத்து எண்ட யோசனையே வரல்ல. அந்தப் புயலுக்குப் பிறகு 1980ல வந்த கையேடு நாட்டை 3 காத்து வலயமாப் பிரிச்சிருக்கு. நம்மட கரை 1ஆம் வலயம், சாதாரணக் கட்டடத்துக்குச் செக்கனுக்கு 49 மீற்றர். அதை வர்க்கிச்சு 0.613ஆல பெருக்கினா சதுர மீற்றருக்கு 1470 நியூட்டன் அளவில வரும். டாங்கியில மட்டும் 1.5 கிலோநியூட்டன் போல தள்ளும். அதைச் சேர்த்துத் திரும்ப ஓட்டி, இந்த முறை நிறத்தை விட்டுட்டு ரியெக்‌ஷன் அட்டவணையை, அதாவது நிலம் ஒவ்வொரு காலையும் எவ்வளவு தாங்குது எண்ட கணக்கைத் திறந்தன். டாங்கி நிறைஞ்சிருந்தா காத்துப் பக்கத்து ரெண்டு காலிலயும் பாரமும் காத்தும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. வெறும் டாங்கி எண்டா ரெண்டு காலிலயும் குறி மாறிட்டு, ஒரு காலுக்கு 270 கிலோ மேல்நோக்கி இழுக்குது. பாரம் கூடினாத்தான் ஆபத்து எண்டு நினைச்சிருந்தன். அந்த ரெண்டு மைனஸ் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

மூண்டாம் வருசம் (ஒலுவில்):

என்னுடையது அலகு. நீளம் மில்லிமீற்றர், விசை நியூட்டன், தகைப்பு (ஓரலகுப் பரப்பில் வரும் விசை) மெகாபஸ்கால் என்று எல்லாம் சரியாகத்தான் போட்டேன். உருக்கின் அடர்த்திக்கு மட்டும் பாடப்புத்தகத்தில் மனப்பாடமான 7850 விரலில் வந்துவிட்டது. மில்லிமீற்றர் கணக்கில் திணிவு தொன்னில் போகும், அடர்த்தி 7.85 × 10⁻⁹, புவியீர்ப்பு 9810. சொந்த எடையில் தொய்யும் ஒரு சின்ன உத்திரம்தான். படத்தில் அழகாக வளைந்திருந்தது, விளக்கவுரைக்கு ஸ்லைடும் செய்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த சேர் மெதுவாக, "தம்பி, அந்த ஓரத்தில இருக்கிற எண்ணை ஒருக்கா வாசிங்க" என்றார். 4 போட்டு அதற்குப் பின்னால் 11 பூச்சியம், மில்லிமீற்றரில். அதாவது 400,000 கிலோமீற்றர். இங்கிருந்து நிலவு சராசரியாக 384,400.

மொடல் நேர்கோட்டுக் கணக்கு, பாரம் எத்தனை மடங்கோ வளைவும் அத்தனை மடங்கு. சொஃப்ட்வெயார் வளைவைத் திரைக்கு ஏற்றபடி தானே சுருக்கியோ பெருக்கியோ காட்டும். உண்மையான 0.4 மில்லிக்கும் இதே படம்தான் வந்திருக்கும். சேர் ஏசவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நெல்மூட்டை (சம்மாந்துறை):

வாவிக்கரை தம்பி, மெஷ்ஷை மூணு தரம் நுணுக்கினேன் என்றதை யாரும் அப்படியே பிடிச்சுக்கொண்டு போகவேணாம். எனக்கு அதாலதான் வந்தது வினை. லேண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு மெசின்) பெட்டியின் இழுவைச் சட்டம், உள்மூலையை 90 பாகையில் கூராகவே வரைஞ்சிருந்தன். 10 மில்லி மெஷ்ஷில் 180 மெகாபஸ்கால். 5க்கு இறக்கினேன், 245. 2.5ல 335. 1.25ல 460. இரும்பு 250 மெகாபஸ்காலிலேயே திரும்பாத வளைவு எடுக்கத் தொடங்கும். விடிய விடிய இருந்து பார்த்துட்டு, காலையில பட்டறை நானாவிட்ட ஓடி, "நானா, இது உடையும், ஓட்டவேணாம்" என்றேன். ஏழெட்டுப் பேர் சுத்தி நிக்கிறாங்க. நானா என்னைக் கையில பிடிச்சுக் கூட்டிப்போய்ச் சட்டத்தைக் காட்டினார். "ஆறு பெரும்போகம் நெல் ஏத்தியிருக்கன் தம்பி, எங்க உடைஞ்சிருக்கு, காட்டுங்க."

கூரான உள்மூலையில் தகைப்புக்கு முடிவே கிடையாது, நுணுக்க நுணுக்க ஏறிக்கொண்டே போகும் என்று பிறகுதான் படிச்சேன். அது மொடலில் நான் வரைஞ்ச மூலையின் எண், இரும்பின் எண் இல்லை. அந்த ஏழெட்டுப் பேருக்கு முன்னால நானாவின் தொழிலைக் குறை சொல்லிப்போட்டன் என்கிறதுதான் இன்னும் கிடந்து குத்துது.

பழைய ஹாடி (அம்பாறை):

நெல்மூட்டை, பாதிதான் சரி. எண் பொய், இடம் பொய்யில்லை. வெல்டிங் ஓரம், கூர் மூலை, அங்கேதான் வெடிப்புப் பிறக்கும். ஆறு போகம் உடையவில்லை என்பது களைப்பு (திரும்பத் திரும்ப வரும் பாரத்தால் உலோகம் மெல்ல வெடிப்பது) இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. களைப்பு எண்ணிக்கையில் வேலை செய்கிறது, ஏழாம் போகத்தில் வரலாம். மூலையில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, தகட்டின் தடிப்பு 10 மில்லி என்றால் வெல்டிங் ஓரத்திலிருந்து 4 மில்லியிலும் 10 மில்லியிலும் தகைப்பை எடுங்கள். முதலாவதை 1.67ஆல் பெருக்கி, இரண்டாவதை 0.67ஆல் பெருக்கிக் கழியுங்கள். வெல்டிங் களைப்புக்கு அந்த எண்ணைத்தான் பார்க்கவேண்டும். நானாவிடம் இன்னொரு தரம் போய், அந்த மூலையைத் துடைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

என் கதை சின்னது. நெல்லு மில் ஒன்றுக்கு எலிவேற்றரைத் தாங்கும் சட்டம். கணக்கில் 4 மில்லி தொய்வு. பூட்டியபின் நூல் பிடித்து அளந்தேன், 9. நூலைப் பிடித்திருந்த பையன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் மெஷ்ஷுக்குப் போட்டிருந்தது 4 கணு நான்முகி, அதாவது நாலு மூலையில் மட்டும் புள்ளி (கணு) உள்ள துண்டு, தடிப்புக்கு ஒரே அடுக்கு. வளைவில் அது இல்லாத விறைப்பைக் காட்டும்.

அதனால் புதிதாய் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ஸ்டாண்டும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். 50 பொக்ஸ் பார், 3 மில்லி தடிப்பு, 1 மீற்றர் நீளம், ஒரு முனையைப் பிடித்து மறு முனையில் 500 நியூட்டன். கையால் போடுங்கள்: விசையை நீளத்தின் மும்மடியால் பெருக்கி, 3, யங்கின் மட்டு (இரும்பின் விறைப்பு), பரப்பின் இரண்டாம் திருப்பம் (வெட்டுமுகம் வளைவை எதிர்க்கும் அளவு) மூன்றின் பெருக்கத்தால் வகுக்கவேண்டும். நீளம் மில்லியில், யங்கின் மட்டு 200,000 மெகாபஸ்கால், திருப்பம் 208,500 மில்லி⁴ அளவில். தொய்வு 4.0 மில்லி, பிடித்த முனையில் தகைப்பு 60 மெகாபஸ்கால். இதை 4 கணுவில் ஓட்டுங்கள், பிறகு 10 கணுவில், பிறகு ஷெல்லில் (தகடாக), பிறகு பீமில் (கோடாக). எது 4.0க்கு வருகிறது, எது வர மறுக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ரியெக்‌ஷனைக் கூட்டிப் பாருங்கள், 500 வராவிட்டால் படத்தையே திறக்கவேண்டாம்.

காசு கொடுத்து எதையும் வாங்கவேண்டாம். அபாகஸ் சொஃப்ட்வெயாரின் கற்றல் பதிப்பு 1000 கணுவோடு நின்றுவிடும், அன்சிஸ் மாணவர் பதிப்புக்கும் எல்லை உண்டு. பிரீபோமேக்ஸ், ஃப்ரீகேட் இரண்டும் கல்குலிக்ஸ் என்ற கணக்குப் போடும் நிரலை உள்ளே வைத்து ஓட்டுகிறவை. இலவசம், கணு எல்லை இல்லை. தேவையென்றால் உங்கள் லெப்டொப்புக்கு இன்னொரு 8 ஜிபி ரேம் போடுங்கள்.

பாலத்தடி:

ரேம் என்றதும் ஞாபகம் வந்தது. 1924ல் கட்டின நம்மட பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு கண்ணை (ரெண்டு தூணுக்கு இடையில உள்ள பகுதி) எடுத்து, ஒவ்வொரு இரும்பையும், தறையாணி வரைக்கும், சொலிட்டாக (முழு முப்பரிமாணத்தில) வரைஞ்சன். நாலு மாசம். மெஷ் போட அழுத்தினதும் லெப்டொப் உறைஞ்சுபோயிற்று. அக்கா வந்து பின்னால நிண்டு பாத்துட்டு, "இது எல்லாம் கம்பிதானேடா, கோடு கோடாப் போட்டா என்ன?" என்று கேட்டா. அவ கணக்கு ரீச்சர், எஃப்.ஈ.ஏ. தெரியாது. பீம் எலிமெண்டில ஒரு பின்னேரத்தில முடிஞ்சது.

நெல்மூட்டை:

ஹாடி அண்ணன், நாளைக்குப் போறேன். மூலையைப் பார்த்துட்டு எழுதுறேன். வாவிக்கரை, கடைசியில அந்த ஸ்டாண்டுக்கு என்ன செஞ்சீங்க?

வாவிக்கரை:

காலுக்கு ஒரு குழி, 0.6 மீற்றர் நீள அகல ஆழம், கொன்கிரீட் நிரப்பினா ஒண்டு 520 கிலோ அளவில. அதுக்குள்ள அங்கர் போல்ட். சீமெந்துக் கணக்கைக் கேட்டதும் வீட்டுக்காரர் வேணாம் எண்டிட்டார். மாமா தன்ட கூலியில கழிச்சுப் போட்டுக் குடுத்தார். இண்டைக்கும் அந்த ஒழுங்கையால போனா நான் டாங்கியைப் பாக்கிறல்ல, காலடியில போல்ட் துருப்பிடிச்சிருக்கா எண்டுதான் பாக்கிறன்.