'செட்' (set) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை பொருள்?

ஆத்தங்குடி தம்பி: எங்கள் தரைக்கல் பட்டறைக்கு வந்த வெளிநாட்டுக்காரர், கண்ணாடி மேல் ஊற்றிய கலவை இறுகியதும் 'செட்' என்றார். அடுக்கி வைத்த பத்துக் கல்லும் 'செட்'. சாயங்காலம் சூரியன் இறங்கினாலும் அதே சொல்! எப்படி?

பள்ளத்தூர் வாத்தியார்: தம்பி, இரண்டு வேர் கலந்தது அது. 'உட்கார வை' என்ற பழைய ஆங்கில வினை ஒன்று. தொகுதி என்ற பொருள் பிரெஞ்சு வழியாக வந்தது. 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதி இரண்டாம் பதிப்பில் இதற்கு 430 பொருள். இப்போது 'ரன்' (run) என்ற சொல் முந்திவிட்டது, வினையாக மட்டும் 645 பொருள்.

காரைக்குடி ஆச்சி: நம்ம 'வை' மட்டும் என்னவாம் அப்பச்சி? குழம்பு வைக்கிறோம், கொலு வைக்கிறோம், பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம், மிச்சச் சோற்றை நாளைக்கு எடுத்து வைக்கிறோம். அகராதியில் எண்ணிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஆத்தங்குடி தம்பி: சரிங்க ஆச்சி, இப்போது பிடிபடுகிறது. கலவை இறுகினால் எங்கள் மேஸ்திரியும் "உட்கார்ந்துடுச்சு" என்றுதான் சொல்வார். அப்புறம்தான் கல்லைத் தண்ணீரில் போடுவோம்.