கட்டபொம்மன் முழங்கினார், சரி. வ.உ.சி.?

மேடைப்பிரியன்:
சிவாஜி கணேசன் என்றதும் 'ஓவர் ஆக்டிங்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. 1959இல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மனையும் 1961இல் வந்த கப்பலோட்டிய தமிழனையும் அடுத்தடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டுக்கும் இயக்குநர் பி.ஆர். பந்துலுதான். இரண்டிலும் வெள்ளைக்காரனை எதிர்த்த தென்பாண்டிச் சீமைக்காரர் வேடம். ஆனால் கட்டபொம்மனின் முழக்கத்தில் கால்வாசி கூட வ.உ.சி.யிடம் இல்லை. சிறையிலிருந்து வெளியே வருகிறார், தொழுநோய் பிடித்த சுப்பிரமணிய சிவா எதிரே நிற்கிறார். சிவாவாக நடித்தது யார்? நாடக உலகின் டி.கே. சண்முகம். மேடையிலேயே வளர்ந்த இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள், ஒருவர்கூடக் குரலால் ஜெயிக்கப் பார்க்கவில்லை. அந்தக் காட்சிக்காகவே சிவாஜியைக் கும்பிடுவேன்.

ரீல்பெட்டி:
கும்பிடுங்கள் சார், தடுக்கவில்லை. ஆனால் கட்டபொம்மன் முதலில் நாடகம். சக்தி டி.கே. கிருஷ்ணசாமியின் வசனம் மேடைக்கென்றே செய்தது. ஜாக்சன் துரை காட்சி அதை அப்படியே படம்பிடித்த மாதிரிதான் இருக்கிறது. கடைசி வரிசைக்காரனுக்குக் கேட்க வேண்டிய குரலைப் பக்கத்தில் நிற்கும் கேமராவிடம் எதற்குக் காட்ட வேண்டும்? டி.எஸ். பாலையாவும் நாடகத்திலிருந்து வந்தவர்தான். காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்ல, அந்த மனிதர் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பாடு படுத்துகிறார்! மேடையில் பழகியதை இறக்கி வைக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

மதுரை வள்ளி:
பாலையாவைச் சொன்னீர்களே, அவரும் சிவாஜியும் ஒரே ஃபிரேமில் இருக்கும் தில்லானா மோகனாம்பாளுக்கே வாருங்கள். அதில் சிவாஜி ஊதுவதாக வரும் நாதஸ்வரம் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. படம் பார்க்கும்போது யாருக்காவது அது ஞாபகம் வருகிறதா? கன்னம் உப்புவது, கழுத்து நரம்பு புடைப்பது, மூச்சு வாங்கும் இடம் எல்லாம் வாசிப்போடு ஒட்டி நிற்கிறது. எங்கள் தெருவில் நாதஸ்வரக்காரர் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் வீட்டுப் பெரியவர் சினிமாவையே மதிக்க மாட்டார், இந்தப் படத்துக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதையும் ஓவர் என்பீர்களோ?

ரீல்பெட்டி:
வாசிப்பில் குறை சொல்லவில்லை அம்மா. வாத்தியத்தைக் கீழே வைத்ததும் அந்தக் கோபம் வருகிறதே, அங்கேதான் எனக்குத் தகராறு.

மதுரை வள்ளி:
சிக்கல் சண்முகசுந்தரம் முன்கோபி ஐயா! அவன் பதமாகப் பேசினால் கதையே நகராது.

கடைசி பெஞ்ச்:
அண்ணே, நான் 2கே கிட். முதல் மரியாதையும் தேவர் மகனும்தான் பார்த்திருக்கிறேன். ரெண்டுலயும் மனுஷன் செம. அப்போ நல்ல டைரக்டர் கையில் மாட்டினால் அடக்கி வாசிப்பார், இல்லாவிட்டால் சவுண்டுதான், அப்படித்தானே?

மேடைப்பிரியன்:
தம்பி, இதே கதையை எல்லோரும் சொல்கிறார்கள். 1985இல் முதல் மரியாதை எடுக்க பாரதிராஜா வந்துதான் அடக்கினாராம்! அவருடைய முதல் படம் பராசக்தி 1952. அதிலிருந்து இரண்டே வருடத்தில் எஸ். பாலசந்தரின் அந்த நாள். பாட்டே கிடையாது. ஆரம்பத்திலேயே சிவாஜி சுட்டுக் கொல்லப்படுகிறார். அப்புறம் மனைவி, தம்பி, அக்கம்பக்கத்தார் என்று ஆளாளுக்கு அவரைப் பற்றிச் சொல்லும் கதைதான் படம். அதில் நாட்டைக் காட்டிக்கொடுக்கிறவன் வேடம். உரக்கப் பேசி அனுதாபம் வாங்க வழியே இல்லை. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது.

ரீல்பெட்டி:
அந்த நாளுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் சார், உங்கள் வாதம் உங்களையே திருப்பி அடிக்கிறது. 1954லேயே அடக்கி நடிக்கத் தெரிந்தவர் என்றால், பிறகு அத்தனை படங்களில் கைதட்டலுக்காக இழுத்தது தெரிந்தே செய்ததுதானே? தெரியாமல் செய்தவரை மன்னிக்கலாம்.

மேடைப்பிரியன்:
தெரிந்தேதான் செய்தார், மறுக்கவில்லை. கட்டபொம்மன் ஓட்டமாக ஓடியது, 1960 கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் வாங்கிக் கொடுத்தது. கப்பலோட்டிய தமிழன் வசூலில் படுத்தது. அடக்கி நடித்தால் கொட்டகை காலி, முழங்கினால் விசில். ஏழெட்டு வயதில் பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுவில் சேர்ந்து, சீதை வேடம் வரை கட்டி, எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்தே தொழில் பழகியவர். அவர்கள் கேட்டதைக் கொடுத்தார். இதில் அவருக்கு இருக்கும் பங்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கும் உண்டு.

ரீல்பெட்டி:
ஒரு படம் படுத்ததற்காக எழுபதுகள் முழுக்க அதே பாணியா? நாடகமாக இருந்து படமானவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள், வியட்நாம் வீடு, கௌரவம், தங்கப்பதக்கம். மூன்றும் மேடை வாடையோடுதான் வந்தன.

மதுரை வள்ளி:
கௌரவத்தில் அவருக்கு இரண்டு வேடம் என்பதை மறந்துவிட்டீர்களே. பாரிஸ்டர் ரஜினிகாந்த் பைப்பைக் கடித்துக்கொண்டு வீட்டையே அதட்டுகிறார், மேடை வாடை என்பது அவருக்குப் பொருந்தும். அவரை எதிர்த்து வழக்காடும் கண்ணனும் அதே சிவாஜிதான். இன்னொரு தடவை பாரிஸ்டரை விட்டுவிட்டுக் கண்ணனை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள், பதில் சொல்கிறேன்.